மோட்டார் எஞ்சின் டேம்பர்: மாற்றுச் சாமானைப் பொருத்தமறிந்து வாங்குதல்

தாம்பரத்திற்கு மேற்கிலும் தெற்கிலும் முடிச்சூர், மணிமங்கலம், படப்பை, கூடுவாஞ்சேரி முதலான இடங்களைச் சூழ்ந்துள்ள பூமிகளில் வீட்டு மனைகள் வருஷந்தோறும் பெருகி வந்தபோதிலும், ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பிச் சம்பாவும் நவரையும் சொர்ணவாரியும் பயிரிடும் குடியானவர்கள் இன்னும் இருந்தே வருகிறார்கள். இவர்களில் மோட்டார் வண்டியின் உதவியின்றி விவசாயம் நடத்துவோர் அரிது. உழவுக்கு டிராக்டரும், காய்கறியைக் கோயம்பேட்டிற்குக் கொண்டுசெல்ல வேனும், நெல்லும் எருவும் ஏற்ற லாரியும் வேண்டியிருக்கின்றன. சொந்தமாக இல்லாதவர்கள் வாடகைக்கேனும் அமர்த்திக்கொள்கிறார்கள்.

வண்டி வைத்திருப்போர் எண்ணெயைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், பாட்டரிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். ஆனால் எஞ்சினின் முன்புறத்தில், விசிறி பெல்ட்டு ஓடும் கப்பியோடு சேர்ந்து சுழலும் கனமான வட்ட உறுப்பு ஒன்றைக் கவனிப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. பட்டறைக்காரர் அதனை டேம்பர் என்றும், டேம்பர் கப்பி என்றும் சொல்வர். தமிழில் அதிர்வடக்கி எனலாம். அது கெட்டாலும் எஞ்சின் ஓடும். பொருந்தாத ஒன்றை அதன் இடத்தில் மாட்டினாலும் எஞ்சின் ஓடும். இதுவே அதில் உள்ள அபாயம். சில மாதங்கள் குறையேதுமின்றி ஓடிய லாரி, அறுவடைச் சமயத்தில் நடு ரோட்டில் கிராங்க் ஷாப்டு முறிந்து நின்றுவிட்டால், அதற்கும் ஆறு மாதத்துக்கு முன் மலிவாக வாங்கி மாட்டிய ஒரு வட்டத் துண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாருக்குத் தோன்றும்?

இவ்வுறுப்பின் வேலையை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம். சிலிண்டரில் எரிபொருள் எரியும் ஒவ்வொரு முறையும் பிஸ்டன் கிராங்க் ஷாப்டின் மேல் ஓர் அடி கொடுக்கிறது. ஆறு சிலிண்டர் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில், ஷாப்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மூன்று அடிகள் விழும். நிமிஷத்திற்கு 2,000 சுற்று ஓடும்போது இது ஒரு செகண்டுக்கு 100 அடியாகிறது. ஷாப்டு கெட்டி எஃகினால் ஆயினும், ஒவ்வோர் அடிக்கும் மிகச் சொற்ப அளவு முறுக்கிக்கொண்டு மறுபடி விடுகிறது. நீளமான எந்தக் கம்பிக்கும் தனக்கே உரிய ஓர் ஆட்ட வேகம் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கறிந்து சிறு குழந்தை தள்ளினாலும் ஆட்டம் பெருகுவதுபோல, அடிகளின் வேகமும் ஷாப்டின் இயற்கையான முறுக்காட்ட வேகமும் ஒத்துவரும் சுற்றுகளில் முறுக்கு பன்மடங்கு பெருகும். அந்த வேகத்தில் வண்டி நெடுநேரம் ஓடினால், எண்ணெய்த் துவாரத்தின் ஓரத்திலோ மூலை வளைவிலோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று தோன்றி, நாளடைவில் வளர்ந்து, ஒருநாள் ஷாப்டு இரண்டாகும்.

இதைத் தடுக்க ஷாப்டின் முன் முனையில் ஒரு குடத்தை இறுக்கி, அதைச் சுற்றி ரப்பர் வளையம் ஒன்றை ஒட்டி, அதற்கு வெளியே கனமான இரும்பு வளையம் ஒன்றை அமைக்கிறார்கள். குடம் ஷாப்டோடு துடிக்கும். வெளி வளையமோ தன் கனத்தால் ஒரே சீராகச் சுழல முயலும். இரண்டிற்கும் நடுவே ரப்பர் இழுபட்டுத் துடிப்பை உஷ்ணமாக மாற்றிவிடும். துள்ளும் இளங்காளையோடு நிதானமான பழங்காளையைப் பூட்டி நுகத்தை அமைதிப்படுத்துவது குடியானவர்களுக்குப் புதிதன்று. பழங்காளையின் கனமும், இரண்டையும் பிணைக்கும் கயிற்றின் இறுக்கமும் சரியாக இருந்தாலன்றி அந்த யுக்தி பலிக்காது. டேம்பரிலும் அப்படியே. வளையத்தின் எடை இவ்வளவு, ரப்பரின் கடினம் இவ்வளவு என்பதை அந்த எஞ்சினின் ஷாப்டுக்கென்றே கணக்கிட்டு அமைத்திருக்கிறார்கள். இக்கணக்கு வெளிப் பார்வைக்குத் தெரிவதில்லை. பெரிய லாரி எஞ்சின்கள் சிலவற்றில் ரப்பருக்குப் பதிலாக, மூடிய கூட்டினுள் இரும்பு வளையம் ஒன்று கெட்டியான சிலிகோன் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கும். தத்துவம் ஒன்றே.

இந்தத் தொல்லை மோட்டார் பிறந்த காலத்திலேயே உடன் பிறந்தது. 20-ம் நூற்றாண்டின் முதற் பத்து வருஷங்களில் இங்கிலாந்தில் ஆறு சிலிண்டர் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியபோது நீண்ட ஷாப்டுகள் நடுங்கின, சில முறிந்தன. அக்காலத்து விற்பனையாளர் சிலர் அந்த நடுக்கத்தை எஞ்சினின் பலத்திற்கு அடையாளமாகவே பெருமை பேசி விற்றார்கள் என்பர். வியாபார சாமர்த்தியம் எக்காலத்தும் ஒன்றுபோலும்! பிரடெரிக் லான்செஸ்டர் என்ற எஞ்சினீயர் அந்நாளில் கண்டுபிடித்த முறுக்கு அதிர்வடக்கியின் வழியிலேயே இன்றைய திரவ டேம்பர்கள் வந்துள்ளன.

கடைக்குப் போகுமுன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எஞ்சினைச் சட்டத்தின் மேல் தாங்கி நிற்கும் ரப்பர்க் கட்டைகளையும் அதிர்ச்சியைத் தடுப்பவை என்ற காரணத்தால் சிலர் டேம்பர் என்று கேட்கிறார்கள். அவற்றின் பெயர் எஞ்சின் மவுண்டிங். இன்னும் சிலர் பாலன்சர் என்று கேட்கிறார்கள். சில நான்கு சிலிண்டர் டிராக்டர் எஞ்சின்களில் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள் சுழலும் எடைகள் கொண்ட பாலன்சர் என்ற தனி அமைப்பு உண்டு. அது மேலுங்கீழுமான குலுக்கலைச் சமன் செய்வது, முறுக்கை அடக்குவதன்று. இரண்டு, மூன்று சிலிண்டர் உள்ள சிறு எஞ்சின்கள் பலவற்றில் ஷாப்டு குட்டையாகையால் டேம்பரே வைப்பதில்லை. முன்னால் இருப்பது வெறும் இரும்புக் கப்பிதான். ஆகவே தம் எஞ்சினில் இருப்பது எது என்பதை வண்டிக்குரிய உறுப்புப் புஸ்தகத்தின் படத்தைக் கொண்டு நிச்சயித்த பிறகே கடைக்குப் புறப்படுதல் நலம்.

டேம்பர் கெட்டிருப்பதை அறிவது கடினமன்று. ரப்பர் வெடித்தும், பொரிந்தும், வெளியே பிதுங்கியும் காணப்படும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால் வெளி வளையம் தள்ளாடும். பெல்ட்டு ஓரம் தேய்ந்து நாராய்க் கிழியும். முன்புற ஆணிகள் எத்தனை முறை இறுக்கினாலும் தளரும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் முன்புறப் பல்சக்கரங்களிலிருந்து சலசலப்புக் கேட்கும். சில எஞ்சின்களில் டைமிங் குறி வெளி வளையத்தின் மேலேயே வெட்டப்பட்டிருக்கும். ரப்பர் வழுகி வளையம் நகர்ந்துவிட்டால் அக்குறி பொய் சொல்லும். அதை நம்பி மெக்கானிக் டைமிங் வைத்தால் எஞ்சின் சூடேறும், புகை கக்கும். காரணம் தெரியாமல் பம்பையும் நாசிலையும் கழற்றிப் பணத்தைச் செலவிடுவார்கள்.

அளவு வேண்டுவோருக்கு ஓர் உதாரணம் கூறலாம். டாட்டா லாரிகள் பலவற்றில் உள்ள கம்மின்ஸ் பி வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினின் ரப்பர் டேம்பரில், குடத்தின் மேலும் வளையத்தின் மேலும் நேருக்கு நேராக ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். அவ்விரண்டு கோடுகளும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் டேம்பரை மாற்ற வேண்டும். ரப்பர் இரும்பு விளிம்பிலிருந்து அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போயிருந்தாலும் மாற்ற வேண்டும். திரவ டேம்பராயின், அதன் தடிப்பை நான்கு இடங்களில் அளக்க, ஒன்றுக்கொன்று 0.25 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது உதவாது. திரவம் கசிந்தாலும், கூட்டில் சிறு நசுங்கல் இருந்தாலும் அவ்வாறே. உள்ளே வளையத்திற்கும் கூட்டுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகியதாகையால், சுத்தியலின் ஒரே அடி வளையத்தைச் சிறைப்படுத்திவிடும்.

2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் புகுந்தபோது எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. இப்படி மூழ்கிய வண்டிகளில் எஞ்சின் எண்ணெயையும் மின்சாரக் கம்பிகளையும் மாற்றிவிட்டுத் திருப்தியடைவது வழக்கம். இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவே ஏறிய துரு, ஒட்டுப் பிடியை மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை வாங்குவோர் டேம்பரையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி வாங்கும் விஷயம். சென்னையில் புதிய உதிரிச் சாமான்களுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடும், கழித்த வண்டிகளின் சாமான்களுக்குப் புதுப்பேட்டையும் பெயர் பெற்றவை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய இடங்களில் கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டை ஒட்டியும் கடைகள் இருக்கின்றன. கடை எதுவாயினும், “இன்ன கம்பெனி லாரிக்கு ஒரு டேம்பர் கொடு” என்று கேட்பது, “மாட்டுக்கு ஒரு லாடம் கொடு” என்று கேட்பதற்கு ஒப்பாகும். ஒரே பெயருள்ள வண்டியில் வருஷத்திற்கு வருஷம் எஞ்சின் மாறியிருக்கும்; ஒரே எஞ்சினிலும் ஏர் கண்டிஷன் உள்ளதற்கு ஒரு கப்பி, இல்லாததற்கு வேறு கப்பி. பதிவுப் புஸ்தகத்தில் கண்ட எஞ்சின் நம்பரையும் சாஸி நம்பரையும் எழுதிக்கொண்டு போவது முதற் காரியம். அதிலும், பதிவுப் புஸ்தகத்தில் உள்ள எஞ்சின்தான் வண்டியில் இருக்கிறதா என்று எஞ்சின் மேல் பொறித்த எண்ணோடு ஒத்துப் பார்க்க வேண்டும். கைமாறிய பழைய லாரிகளில் இரண்டும் வேறாக இருப்பது உண்டு. பழைய டேம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்தால் அதன் முகத்திலோ முதுகிலோ உறுப்பு நம்பர் தென்படும். அந்த நம்பரே உண்மையான வழிகாட்டி. கம்பெனியார் பழைய நம்பருக்குப் பதில் புதிய நம்பர் கொடுத்திருந்தால், அங்கீகாரம் பெற்ற ஏஜெண்டிடம் கேட்டு அதையும் அறியலாம்.

நம்பர் அழிந்துபோன பழைய உறுப்பாயின், அதையே சாக்கில் கட்டிக் கடைக்கு எடுத்துச் சென்று புதியதன் பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். வெளி விட்டம் ஒன்றாயிருப்பதைப் பார்த்தே பலரும் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். துவாரத்தின் உள் விட்டம், சாவிக் காடியின் அகலம், பெல்ட்டுப் பள்ளங்களின் எண்ணிக்கையும் வடிவமும், எண்ணெய் சீல் உராயும் கழுத்தின் நீளமும் விட்டமும், குடத்தின் முதுகிலிருந்து பெல்ட்டுப் பள்ளம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது ஆகிய இவையனைத்தும் வெர்னியர் அளவுகோலால் ஒத்துப் பார்க்கத் தக்கவை. கடைசியிற் சொன்ன அளவில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறினாலும் பெல்ட்டு கோணலாய் ஓடிச் சீக்கிரம் அறுந்துபோகும். பிறகு தராசு. பழையதும் புதியதும் எடையில் கணிசமாக வேறுபட்டால், மற்ற அளவுகள் யாவும் பொருந்தினாலும் அதை வாங்கலாகாது. தராசில் நிறுத்துக் கேட்பவரைக் கடைக்காரர் விநோதமாகப் பார்க்கலாம், பார்த்துவிட்டுப் போகட்டும்.

எல்லா அளவும் பொருந்தி, எடையும் பொருந்தியும் ரப்பரின் கடினம் வேறாக இருக்கக்கூடும் என்பதே இவ்வுறுப்பின் சங்கடம். இதைக் கையால் நெருடிப் பார்த்து அறிய முடியாது. ஆகையால், வண்டிக் கம்பெனியின் நம்பரோடு வருவதையோ, அந்த நம்பருக்குச் சமமென்று தன் காடலாகில் அச்சிட்டுப் பெயரோடு பொறுப்பேற்கும் உற்பத்தியாளருடையதையோ வாங்குதல் வேண்டும். பெயரற்ற பெட்டியில், “எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்று சொல்லி விற்கும் சாமானை ஒதுக்கிவிட வேண்டும். பில்லில் உறுப்பு நம்பரை எழுதச் சொல்லி வாங்கினால், பின்னால் வழக்கு வந்தபோது பேச இடமுண்டு.

மலிவை நாடுவோர் மூன்று வழிகளில் ஏமாறுகிறார்கள். லேத்துப் பட்டறையில் ஒரே இரும்பில் கடைந்த கப்பி முதலாவது. அதில் பெல்ட்டு அழகாக ஓடும், டைனமோ சுற்றும், தண்ணீர் பம்பு சுற்றும், பார்வைக்குப் பழையதைவிட உறுதியாகவும் தோன்றும். ஆனால் அது கப்பியே ஒழிய டேம்பர் அன்று. ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு அதை மாட்டுவது, பாதுகாப்பைக் கழற்றி எறிந்ததற்குச் சமம். தேய்ந்த ரப்பரைச் சுரண்டிவிட்டுப் புது ரப்பரை வார்த்துக் கொடுப்பது மற்றொன்று. டயருக்கு ரப்பர் போடுவதில் கைதேர்ந்தவரும் டேம்பரின் ரப்பர்க் கடினத்தை அறிந்திருக்கக் காரணமில்லை. அளவறிந்து, சோதனைச் சாதனங்களோடு செய்யும் தொழிற்சாலை அன்றி மற்ற இடத்தில் இதைச் செய்துகொள்வது வீண். மூன்றாவது, புதுப்பேட்டையில் கழித்த வண்டியிலிருந்து எடுத்த டேம்பர். பழைய கியர்பெட்டியோ அச்சோ வாங்கினால் பல்லையும் தேய்மானத்தையும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். வெயிலிலும் எண்ணெயிலும் கிடந்த ரப்பரின் வயதையோ, மூடிய கூட்டினுள் இறுகிப்போன திரவத்தையோ யார் பார்க்க முடியும்? வேறு வழியே இல்லாத பழைய வண்டிக்கு அளவு தெரிந்துகொள்ளும் மாதிரியாக வேண்டுமானால் அது உதவும்.

வேறு வழியில்லாத வண்டிகள் என்பது இந்தப் பக்கத்தில் வெறும் பேச்சன்று. தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் நடந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து 1961-ம் வருஷம் முதல் ஹெரால்டு கார்கள் வெளிவந்தன. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற கார் வந்து, 1988-ல் உற்பத்தி நின்றுபோயிற்று. கம்பெனி போனபின் அதன் சாமான்களுக்கு உடையவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் ஹெரால்டு கார் இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் பிறந்த வண்டியாகையால், அங்கே அதன் சாமான்களை இன்றும் செய்து விற்கிறார்கள். எஞ்சின் மவுண்டிங் போன்றவற்றை அந்த நம்பரைக் கொண்டு வரவழைப்பது சாத்தியம். இந்தியாவில் செய்த வண்டியில் நாளடைவில் செய்த மாறுதல்களுக்காக அளவு மட்டும் ஒத்துப் பார்க்க வேண்டும். அதே ரோட்டில் சற்றுத் தெற்கே மறைமலைநகரில் 1999 முதல் ஐகான் கார்களைச் செய்த போர்டு கம்பெனியும், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்து, 2022-ல் அங்கே கார் செய்வதை நிறுத்திற்று. உதிரிச் சாமான்களும் சர்வீசும் தொடருமென்று அப்போதே தெரிவித்தார்கள். அவ்வண்டிகளில் வந்த சிறிய டீசல் எஞ்சின், போர்டு கம்பெனியும் பிரெஞ்சு தேசத்துப் பேஷோ சிட்ரோயன் கம்பெனியும் கூட்டாக அமைத்தது. ஆகவே ஒரே எஞ்சின் குடும்பத்துச் சாமான் வெவ்வேறு பெயர்களில் உலகெங்கும் கிடைக்கும். ஆனால் குடும்பம் ஒன்றாயினும் பெல்ட்டுப் பள்ளமும் கப்பி வரிசையும் வண்டிக்கு வண்டி மாறுமாதலால், எஞ்சின் பெயரை மட்டும் நம்பாமல் உறுப்பு நம்பரைக் கொண்டே ஆர்டர் செய்ய வேண்டும்.

மாட்டும் முறையிலும் ஜாக்கிரதை தேவை. பழையதைக் கழற்றும்போது இழுப்பானின் கொக்கிகளை வெளி வளையத்தில் மாட்டி இழுத்தால் ரப்பர் பிய்ந்துவிடும். குடத்தில் உள்ள ஆணித் துவாரங்களில் ஆணி முடுக்கியே இழுக்க வேண்டும். புதியதைச் சுத்தியலால் அடித்து ஏற்றவே கூடாது. முன்புற எண்ணெய் சீல் கசிந்துகொண்டிருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். பழைய ரப்பரைக் கெடுத்த எண்ணெயே புதியதையும் கெடுக்கும். நடு ஆணியைப் புஸ்தகத்தில் கண்ட அளவுக்கு டார்க் ஸ்பானரால் இறுக்க வேண்டுமே ஒழிய, குழாயை மாட்டிப் பலம் உள்ளமட்டும் இழுப்பது முறையன்று. நவீன எஞ்சின்கள் சிலவற்றில் சாவியே கிடையாது. நடு ஆணியின் பிடிப்பு ஒன்றே கப்பியையும் அதன் பின்னுள்ள டைமிங் பல்சக்கரத்தையும் நிலைநிறுத்துகிறது. அந்த ஆணியைத் தளர்த்திய மாத்திரத்தில் டைமிங் கலைந்துவிடும். ஆணியும் ஒருமுறைக்கே உரியது. அத்தகைய எஞ்சினை டைமிங் பூட்டுக் கருவிகள் இல்லாத பட்டறையில் திறக்க விடலாகாது.

தொடக்க விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களில் பல, உறுப்பினருக்கு வாடகைக்கு விட டிராக்டர் முதலிய யந்திரங்களை வைத்திருக்கின்றன. சங்கக் காரியதரிசிகளும் கிராம அதிகாரிகளும் ஒவ்வொரு யந்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எஞ்சின் நம்பர், டேம்பர் உண்டா இல்லையா, உண்டாயின் அதன் உறுப்பு நம்பர், மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த மணிக் கணக்கு ஆகியவற்றை எழுதி வைப்பது நல்லது. டிரைவர் மாறுவார், காரியதரிசி மாறுவார், புஸ்தகம் இருக்கும். குறைந்த விலை டெண்டரை ஏற்கும்போது உறுப்பு நம்பர் ஒத்திருப்பதை நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால், தணிக்கைக்காரருக்கும் பதில் சொல்ல எளிதாகும். சந்தேகம் ஏற்பட்டால் விவசாய எஞ்சினீயரிங் இலாகாவின் உபகோட்ட ஆபீசில் உள்ள உதவி எஞ்சினீயர்களைக் கலந்துகொள்ளலாம்.

புது டேம்பரை மாட்டியவுடன், ஓடவிடுவதற்கு முன், குடத்திலிருந்து ரப்பரைக் கடந்து வெளி வளையம் வரையில் வெள்ளைப் பெயிண்டால் மெல்லிய நேர்க்கோடு ஒன்று இழுத்துவிட வேண்டும். ஒரு மாதம் வேலை செய்தபின் எஞ்சினை நிறுத்தி, துணியால் துடைத்து, அக்கோட்டைப் பார்த்தால் போதும். கோடு ஒடியாமல் நேராக இருந்தால் ரப்பர் பிடித்திருக்கிறது. ஒடிந்திருந்தால் பில்லை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போக வேண்டியதுதான்.